முதல் தட்டு

சலேத் மாதா துணை

கொடைக்கானல்,
செவ்வாய்க்கிழமை.

அன்புத் தம்பி செல்வினுக்கு அக்கா அருள்மேரி எழுதுவது. திருப்பூரில் நீ வேளைக்குச் சாப்பிட்டுச் சுகமாக இருக்க மாதாவை வேண்டிக்கொள்கிறேன். இங்கே மகள் சுஜிதாவுக்குச் சளி விட்டுவிட்டது, ஸ்கூலுக்குப் போகிறாள். ஓயாத மூடுபனி, துணி காயமாட்டேன் என்கிறது.

போன் இருக்க ஏன் கடிதம் என்று நினைப்பாய். என் போனைக் காட்டேஜ்காரன் குழந்தைவேலின் ஆள் தினமும் வாங்கிப் பார்க்கிறான். பக்கத்து வீட்டு ஷர்மிளா வத்தலக்குண்டுக்கு இறங்குகிறாள். அங்கே தபாலில் போடச் சொல்லி இதை அவளிடம் கொடுக்கிறேன்.

எப்படி மாட்டினோம் என்று நீ இன்னும் மண்டையை உடைத்துக்கொண்டிருப்பாய். குழந்தைவேலே வந்து சொன்னான். அவன் காட்டேஜில் போக்கர் ஆட வரும் பெரிய இடத்துப் பிள்ளைகள் நடுவில் நீயும் உன் மச்சானும் முன்பின் தெரியாதவர்கள் போல உட்கார்ந்தீர்கள். நல்ல சீட்டு வந்தால் நீ மப்ளரை இழுத்துவிடுவது, அவர் பந்தயத்தை ஏற்றுவது, நடுவில் மாட்டியவனைக் கறப்பது, எல்லாம் சுத்தமாகத்தான் செய்தீர்களாம். மத்தியானம் பிரியாணி வந்ததும் முதல் தட்டை அவர் பக்கம் நகர்த்தி, அவர் கை வைக்கும்வரை நீ காத்திருந்தாயே, அங்கேதான் பிடித்தானாம். முன்னப்பின்ன தெரியாதவனுக்கு எவனாச்சும் இம்புட்டு மரியாதை குடுப்பானாம்மா என்று சொல்லிச் சிரித்தான். அம்மா வளர்த்த வளர்ப்பு, திருடப்போன இடத்திலும் உன்னை விடவில்லை. எனக்கும் சிரிப்பு வந்தது.

சீட்டில் அடையாளம் வைக்கவில்லை, ஒளிக்கவில்லை, ரெண்டு பேர் ஒரே மனசாக ஆடினால் அது எப்படித் திருட்டாகும் என்று என்னிடம் வாதாடினாய். அவனவன் தனியாகத்தான் ஆடுகிறான் என்று நம்பித்தானே அந்தப் பிள்ளைகள் உட்கார்ந்தார்கள்? உன் மேல் எனக்குக் கோபம் இன்னும் தீரவில்லை.

அடி விழும் என்று பயந்துதான் உன் மச்சான் உன்னை அன்றே அடுக்கம் மலைப்பாதை வழியாக அனுப்பினார். குழந்தைவேல் விரலைக்கூட ஓங்கவில்லை. அதே ஆட்டத்தை இனி எனக்காக ஆடுங்க என்று பணிவாகச் சொன்னான். அடித்திருந்தால் தேவலை. சனிக்கிழமை கார் வந்து அவரைக் கூட்டிப்போனது, இன்னும் வீடு வரவில்லை. நல்லாத்தான் இருக்கேன் என்று போனில் சொல்கிறார். பக்கத்தில் யாரோ இருமுவது கேட்கிறது.

ஜோடி இல்லாமல் ஆட்டம் ஓடாது, உங்க தம்பியை வரச் சொல்லுங்க என்கிறான். கோயிலில் சுஜிதாவின் புதுநன்மை விசேஷத்துக்குத் தாய்மாமன் வராமலா போயிடுவாரு என்றும் கேட்கிறான். அதை அவனுக்கு யார் சொன்னார்கள் என்று எனக்குத் தெரியவில்லை.

பங்குச் சாமியாரைப் பார்த்துப் பேசப் போகிறேன். இங்கே நடப்பதை நான் பார்த்துக்கொள்கிறேன், நீ வராதே. மச்சான் கூப்பிட்டாலும் வராதே. ஒருநாள் நானே போனில் அழுது, வெரசா வாடா தம்பி என்று கெஞ்சலாம். அப்போதும் வராதே. அழுவது உன் அக்காவாகத்தான் இருக்கும், கூப்பிடுவது நானாக இருக்காது.

மாதா உன்னைத் தன் முந்தானைக்குள் வைத்துக் காக்கட்டும்.

உன் அக்கா,
அருள்மேரி