மூன்றாவது டெண்டர்

விருத்தாசலம்
12.11.2024

அன்பு மகள் அன்புக்கரசிக்கு,

அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் சுகம். நீ நேரத்துக்குச் சாப்பிடு. போனில் சொல்ல வாய் வரவில்லை, அதனால் எழுதுகிறேன்.

பீங்கான் தொழிற்பேட்டை பக்கத்தில் எங்கள் முன்னாள் ராணுவத்தினருக்கு ஆஸ்பத்திரி கட்ட இடம் ஒதுக்கி நான்கு வருடமாகிறது. கருவேலம்தான் வளர்ந்திருக்கிறது. டெண்டர் விடுவது என் மகள் ஆபீஸ்தான் என்று சங்கத்தில் பெருமையடித்தவன் நான். இப்போது பாலக்கரை டீக்கடைப் பக்கமே போவதில்லை.

போன வாரம் பச்சமுத்துவைக் கடலூர் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். என்னோடு பட்டாளத்தில் இருந்தவன், உன்னைத் தோளில் தூக்கித் திரிந்தவன். பஸ்ஸிலேயே ஒன்றுக்குப் போய்விட்டான். கண்டக்டர் கத்தினார். இறங்கியதும், "பாப்பாவுக்குத் தெரிய வேணாம்டா" என்றான். இருந்தும் எழுதிவிட்டேன்.

எதனால் நிற்கிறது என்று மட்டும் சொல்லம்மா.

உன் அப்பா
கொளஞ்சியப்பன்


சென்னை
20.11.2024

அன்புள்ள அப்பாவுக்கு,

முதல் டெண்டருக்கு ஒரே கம்பெனிதான் வந்தது, ரத்து செய்தார்கள். இரண்டாவதில் தோற்றவர்கள் புகார் கொடுத்தார்கள், அதுவும் ரத்து. மூன்றாவதைத் திறந்து எட்டு மாதம். கையெழுத்துப் போட வேண்டியவர் மாற்றலாகிப் போனார். புதியவர் விளக்கம் கேட்டுக் கேட்டு ஃபைலைத் திருப்பி அனுப்புகிறார். நான் அந்த ஃபைலை எழுதி அனுப்பும் வெறும் உதவியாளர். சொந்த ஊருக்காகப் பேசினால் கம்பெனிக்காரனிடம் காசு வாங்கிவிட்டாள் என்பார்கள்.

சங்கத்தில் என் பெயரை எடுக்காதீர்கள். பொங்கலுக்கு வரவில்லை. பச்சமுத்து மாமா முகத்தில் எப்படி முழிப்பேன்?

உங்கள் மகள்
அன்பு


விருத்தாசலம்
15.12.2024

அன்பு மகளுக்கு,

வரும் 23ஆம் தேதி திங்கட்கிழமை சங்கத்தார் எல்லாரும் உன் ஆபீசுக்கு மனு கொடுக்க வருகிறோம். பச்சமுத்து கேட்கவில்லை, "நானும் வந்தே தீருவேன்"னு நிற்கிறான். உனக்கு ஒரு தொந்தரவும் வராமல் பார்த்துக்கொள்கிறேன். பயப்படாதே.

அப்பா


சென்னை
24.12.2024

அப்பா,

நேற்று மாமாவை இரண்டு பேர் தூக்கிக்கொண்டு மாடியேறியதைப் பார்த்தேன். அதிகாரி என்னைக் கூப்பிட்டு, "உங்க ஊர்க்காரங்களாமே, தெரியுமா?" என்றார். "தெரியாது சார்" என்றேன். நீங்கள் கதவோரம்தான் நின்றீர்கள். பிறகு மனுவை என்னிடமே நீட்டி, "வாங்கிக்குங்க மேடம்" என்றீர்கள். உங்கள் முகம் மாறவேயில்லை. மாமாதான் என்னைப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார்.

இன்று காலை அதிகாரியிடம் போய், "நேத்து மனு குடுத்தவர் எங்க அப்பா சார்" என்றேன். "அப்படின்னா இந்த ஃபைலை நீங்க தொடக்கூடாதும்மா" என்று என்னை வேறு பிரிவுக்கு மாற்றிவிட்டார். புதிதாக வருகிறவர் முதலிலிருந்து படிக்க வேண்டும். என்னால் இன்னும் தள்ளிப்போகும்.

இதை மாமாவிடம் நானே சொல்ல வேண்டும். சனிக்கிழமை வருகிறேன். ஸ்டேஷனுக்கு வர வேண்டாம். வாசலில் நின்று கூப்பிடுவேன். நீங்கள் என்னை என்ன சொல்லி உள்ளே அழைப்பீர்கள் என்றுதான் பயமாக இருக்கிறது.

உங்கள் மகள்