என் குரல் பதிந்த கேசட்

4 ஜூலை 1988, திங்கள்

பள்ளிவாசல் சாலையில் பஷீர் கடை வாசலில் என் ‘சோகம் ஸ்பெஷல்’ கேசட் தொங்குகிறது. பாட்டுகள் மட்டுமல்ல, வரிசையும் என்னுடையதே. முதலில் தாய்ப் பாசம், அப்புறம் காதல் தோல்வி, கடைசியில் குடிகாரன் பாட்டு. அழுகையை அப்படிப் படிப்படியாக ஏற்ற எவ்வளவு மண்டையை உடைத்துக்கொண்டேன்! நான் இன்னும் விற்பனைக்கே வைக்கவில்லை. அவனுக்கு எப்படிப் போனது?

என் கடைச் சாவி என்னிடம் ஒன்று, கேத்தரினிடம் ஒன்று. என் பெண்சாதி அன்னமேரியின் தங்கை. கேசட் பதிவு செய்வதெல்லாம் அவள்தான். அவளா? வேறு யார்?

6 ஜூலை

அந்தக் குடிகாரன் பாட்டை கேத்தரின் முணுமுணுக்கிறாள். நாள் முழுக்க அதையே பதிவு செய்கிறவள் பின்னே வேறு எதைப் பாடுவாள் என்று அன்னமேரி கேட்கிறாள். அக்கா இல்லையா, அப்படித்தான் சொல்வாள்.

8 ஜூலை

பொறி வைத்துவிட்டேன். புதிய ‘சோகம்’ தொகுப்பில், இரண்டாவது பாட்டில் பாடகி மூச்சு வாங்கும் இடத்தில், என் குரல்: “அந்தோணிராஜ் கேசட் சென்டர், சூலியா தெரு. திருடாதீர்கள்.” கேத்தரினிடம் மூச்சு விடவில்லை. முதல் பிரதியை எப்போதும் போல புக்கிட் தெங்கா தொழிற்சாலை பஸ் ஓட்டும் பழனியப்பனுக்கு இனாமாகக் கொடுத்தேன். பஸ்ஸில் கேட்கிற பெண்பிள்ளைகள் மறுவாரம் கடைக்கு வந்து நிற்பார்கள். அது விளம்பரம். மூலப் பிரதியை அலமாரியில் வைத்தேன், கேத்தரின் கைக்கு எட்டும்படி. வேண்டுமென்றேதான்.

12 ஜூலை, செவ்வாய்

மாட்டியது. பஷீர் கடையிலேயே போடச் சொல்லிக் கேட்டேன். இரண்டாவது பாட்டு - என் குரல்! வெட்கமில்லையா என்று கேட்டேன். அவன் சிரிக்கிறான். “அண்ணே, கொரலு மட்டுந்தானே ஒங்களுது? வேணாம்னா அடுத்த தடவ வெட்டிர்றேன்லா.”

கடைக்கு வந்த வேகத்தில் கேத்தரினைக் கேட்டேவிட்டேன். கேட்ட விதம் கொஞ்சம் கடுமைதான். கத்துவாள் என்று பார்த்தால், கைப்பையிலிருந்து சாவியை எடுத்து மெஷின் மேல் வைத்தாள். “திருடின்னு சொன்ன எடத்துல நான் ஒக்கார மாட்டேன், அத்தான்.”

குற்றம் இல்லாதவள் ஏன் போகவேண்டும்?

13 ஜூலை

அன்னமேரி சோற்றைப் போடுகிறாள். போட்டதும் அடுக்களைக்குப் போய்விடுகிறாள்.

14 ஜூலை

புதிதாகப் பதிப்புரிமைச் சட்டம் வந்திருக்கிறதாமே, அது எனக்கும்தானே? அமலாக்க அலுவலகத்துக்குப் போய், என்னுடையது ஒன்று, பஷீர் கடையில் வாங்கியது ஒன்று, இரண்டு கேசட்டையும் மேசையில் வைத்தேன். அதிகாரி மலாய்க்காரர், பொறுமையானவர். போட்டுக் கேட்டார். உங்கள் குரல்தானா என்றார். ஆமாம் என்றேன். நிச்சயமாகவா என்றார். என் பெண்சாதியைக் கேளுங்கள் என்றேன். கடை எங்கே, எத்தனை மெஷின், எப்போது திறப்பீர்கள் - எல்லாம் விவரமாகச் சொன்னேன். தேநீர் வரவழைத்துக் கொடுத்தார். இப்படி மரியாதை தெரிந்த ஆட்களும் இருக்கிறார்கள்.

18 ஜூலை

வந்தார்கள். என் கடைக்கு.

புகார் கொடுத்தவனே நான்தான் ஐயா என்று கத்தினேன். அந்த அதிகாரி அதே பொறுமையோடு கேட்டார்: “குரல் உங்களுடையது. பாட்டு யாருடையது?”

மெஷின்களையும் கேசட்டுகளையும் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். பஷீர் கடைக்கும் போனார்களாம். இதெல்லாம் அந்தோணிராஜிடம் வாங்கியது, போட்டுக் கேளுங்கள், அவரே சொல்வார் என்றானாம் படுபாவி. போட்டுக் கேட்டார்களாம். நானே சொன்னேனாம்.

எல்லாம் அவளால் வந்தது. அவள்தான். வேறு யார்?

1 ஆகஸ்ட்

கேத்தரினுக்குப் புக்கிட் தெங்காவில் வேலை. அன்னமேரி சுவரைப் பார்த்துச் சொன்னாள்.

5 ஆகஸ்ட், வெள்ளி

காலி அலமாரிகளைத் துடைத்துக்கொண்டிருந்தேன். தொழிற்சாலை பஸ் வாசலில் நின்றது. உள்ளே என் குரல், திருடாதீர்கள் என்கிறது. பழனியப்பன் தலையை நீட்டி, புதிதாக ஒன்றும் போடவில்லையா என்று கேட்டான். “பஷீரு தம்பி வேற கேட்டுக்கிட்டே இருக்காருண்ணே. எப்பவும் ஒங்க கேசட்ட எங்கிட்ட வாங்கிட்டுப் போயி மறுநாளே பத்திரமா திருப்பிக் குடுத்துருவாரு. நல்ல மனுசன்லா.”

டிரைவருக்குப் பின்சீட்டில் கேத்தரின். அவளுக்கும் கேட்டது. என்னைப் பார்த்தாள், அவ்வளவுதான். பஸ் போய்விட்டது.

என் கையால், நானே, ஓசியில் கொடுத்து... ஐயோ, என்னடா செஞ்சு வச்சிருக்கே அந்தோணி. புள்ளைய என்ன வார்த்தை சொல்லிட்டே.

7 ஆகஸ்ட், ஞாயிறு

பூசை முடிந்து கோயில் வாசலில் கேத்தரின் நின்றாள். சாவியை நீட்டினேன். தப்பு என்மேல்தான் என்று ஒருவழியாகச் சொல்லிவிட்டேன்.

சாவியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

“எந்தக் கடைக்கு, அத்தான்?”