‘அக்கா’ அழைக்கிறாள்

என் ஆரோக்கியம் அக்காவுக்கு,

நீ இருக்கிற இடத்துக்கு இந்தக் கடிதம் எந்த வழியாக வந்து சேரும் என்று தெரியவில்லை. மீமிசலில் பஸ் கண்டக்டர் கையில் மீன் பெட்டியைக் கொடுத்து, புதுக்கோட்டை பஸ் ஸ்டாண்டில் நின்ற எனக்குச் சேர்த்தவள் நீ. இதையும் எப்படியாவது வாங்கிக்கொள்வாய் என்ற தைரியத்தில் எழுதுகிறேன். சுற்றி வளைத்துப் பேசினால் உனக்குப் பிடிக்காது, அதனால் விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆவூரில் தலைமை ஆசிரியராக இருந்துகொண்டு ஊருக்கெல்லாம் புத்தி சொல்லும் உன் தம்பி, இப்போது வாராவாரம் ஒரு மனநல ஆலோசகரிடம் போய்க்கொண்டிருக்கிறான்.

சிரிக்காதே. “ஒனக்கு என்னடா கேடு வந்துச்சு, நல்லாத்தானே இருந்த?” என்று நீ கேட்பது எனக்குக் கேட்கிறது. நானும் அதையேதான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

நீ போன பிறகு எனக்குப் போன் மணி ஆகாமல் போய்விட்டது. மணி அடித்தால் நெஞ்சு படபடக்கும், கை வேர்க்கும், மூச்சு பாதியில் நிற்கும். முதலில் இருதயம்தான் என்று நினைத்து எல்லாப் பரிசோதனையும் செய்தேன். டாக்டர் ஈசிஜி தாளைப் பார்த்துவிட்டு, “சார், ஒங்க ஹார்ட்டுக்கு ஒரு கொறையும் இல்ல” என்றார். அப்புறம் போனை சைலண்டில் போட்டேன். அதுவும் மேசையில் கிடந்து உறுமியது. கடைசியில் அதைத் துணி பீரோவில், என் வீட்டுக்காரி ஸ்டெல்லாவின் பட்டுப்புடவைக்கு அடியில் வைத்துவிட்டுப் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்தேன்.

ஏன் எடுக்கவில்லை என்று யார் கேட்டாலும் ஒரே பதில்தான்: “எங்க வீட்டுப் பக்கம் டவரே கெடைக்கல.” கல்வி அலுவலகத்துக்கும் அதே பதில், பெற்ற மகளுக்கும் அதே பதில். இதை நம்பி எதிர்வீட்டு சவரிமுத்து தெருவெல்லாம் கையெழுத்து வாங்கி, போன் கம்பெனிக்கு மனுப் போடக் கிளம்பிவிட்டான். முதல் கையெழுத்து ஹெச்.எம். சார்தான் போட வேண்டும் என்று என்னிடம் வந்தான். போட்டேன், அக்கா. வேறு என்ன செய்ய முடியும்?

இதெல்லாம் வேடிக்கையாகவே போயிருக்கும். பிரின்சிக்கு ஜெர்மனியில் வேலை கிடைத்தபோது வேடிக்கை நின்றது. நீ தூக்கி வளர்த்த என் மகள், நர்சிங் முடித்து, திருச்சியில் வேலை பார்த்துக்கொண்டே அந்த ஊர்ப் பாஷையையும் படித்து முடித்துவிட்டாள். ஆர்டர் வந்த வாரம் வீட்டுக்கு வந்து, சாப்பிட்ட தட்டைக் கூடக் கழுவாமல் என் எதிரில் உட்கார்ந்தாள்.

“நான் போகலப்பா.”

“ஏம்மா?”

“திருச்சியில இருந்து கூப்பிட்டாலே நீங்க எடுக்குறதில்ல. அம்மாகிட்டதான் பேசுறேன். அம்புட்டுத் தூரம் போயி, ஒங்க கொரலக் கேக்காம நான் எப்புடிப்பா இருப்பேன்? டவர் இல்லைன்னு மட்டும் சொல்லாதீங்க. அம்மா போனு அதே வீட்டுலதானே இருக்கு, அது மட்டும் அடிக்குது.”

 என்னால் பிள்ளையின் வாழ்க்கை நிற்கிறதே என்று அன்றைக்குத்தான் பயந்தேன். ஈசிஜி பார்த்த டாக்டரே முன்பு ஒருமுறை சொல்லியிருந்த ஒரு சைக்காலஜிஸ்ட்டின் நம்பருக்கு ஸ்டெல்லாதான் போன் செய்து நேரம் வாங்கினாள். நான் எங்கே போன் செய்வது?

அந்த இடம் புதுக்கோட்டையில், ஒரு கண்ணாடிக் கடைக்கு மேல் மாடி. யாராவது பார்த்தால் மூக்குக்கண்ணாடி மாற்ற வந்தேன் என்று சொல்லலாம் என்று, வீட்டில் இருந்த பழைய கண்ணாடிக் கூட்டைக் கையில் பிடித்துக்கொண்டு போனேன். படியேறும்போது, நான் எப்போதோ பாடம் நடத்திய பையனின் அப்பா எதிரே இறங்கி வந்தார். நான் கூட்டைத் தூக்கிக் காட்டினேன்.  மேலே அந்த ஒரு அறைதான் இருக்கிறது என்பது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். “நல்லாருக்கீங்களா சார்” என்று கேட்டுவிட்டு, என்னைப் போலவே வேகமாகப் போய்விட்டார்.

சோபாவில் படுக்க வைப்பார்கள், கண்ணுக்கு முன்னால் எதையாவது ஆட்டுவார்கள் என்று நினைத்திருந்தேன். இரண்டு நாற்காலி, ஒரு தண்ணீர் பாட்டில், ஒரு டிஷ்யூ பெட்டி, அவ்வளவுதான். அந்த சைக்காலஜிஸ்ட் மேடத்துக்குச் சொந்த ஊர் குடுமியான்மலைப் பக்கம். பிரின்சியை விட நாலைந்து வயது கூட இருக்கலாம். இந்தப் பிள்ளையிடமா நான் என்று ஒரு எரிச்சல் வந்தது. நான் பேசுவதற்கு முன் அவரே சில விஷயங்களைச் சொன்னார். நான் இங்கே பேசுவது இந்த அறையை விட்டுப் போகாது. என் உயிருக்கோ அடுத்தவர் உயிருக்கோ ஆபத்து என்றால் மட்டும் வேறு ஒருவரிடம் சொல்ல வேண்டியிருக்கும், அப்போதும் முடிந்தவரை எனக்குச் சொல்லிவிட்டுத்தான். அவர் மாத்திரை தருகிறவர் இல்லை, தேவைப்பட்டால் அதற்குரிய டாக்டரிடம் அனுப்புவார். “நாலஞ்சு தடவ வந்து பாருங்க சார். என்கிட்ட பேசுறது ஒங்களுக்குச் சரிவரலன்னா சொல்லுங்க, வேற ஆளச் சொல்றேன். நான் ஒண்ணும் நெனச்சுக்க மாட்டேன்.” எனக்கு எரிச்சல் பாதி குறைந்தது.

அப்புறம் தூக்கம், சாப்பாடு, குடி என்று வரிசையாகக் கேட்டார். நடுவில், சாப்பிட்டீர்களா என்று கேட்கிற அதே குரலில், “செத்துப் போயிரலாம்னு எப்பவாச்சும் தோணியிருக்கா சார்?” என்றார். திடுக்கிட்டேன். இல்லை என்றுதான் சொன்னேன், அது உண்மையும் கூட. ஆனால் அதை ஒரு ஆள் நேராகக் கேட்டதே எனக்கு ஆறுதலாக இருந்தது. துக்கம் விசாரிக்க வந்தவர்கள் நீ எப்படிப் போனாய் என்று கேட்டார்கள். நான் எப்படி இருக்கிறேன் என்று கேட்டவர்கள் எத்தனை பேர்?

இனிமேல்தான் நீ சிரிக்க வேண்டிய இடம். நாம் எந்த ஊர்ப் பிள்ளைகள்? மூடிய அறையில் ஒருவர் எதிரில் உட்கார்ந்து மனதைத் திறப்பது என்றால் நமக்குத் தெரிந்தது ஒன்றுதானே? முந்தின நாளே கோவிலில் உட்கார்ந்து மன ஆய்வு செய்து, சாமியாரிடம் பாவங்களைச் சொல்லும் பாவசங்கீர்த்தனத்துக்குத் தயாராவது போல எல்லாவற்றையும் மனப்பாடம் செய்துகொண்டு போயிருந்தேன். மடமடவென்று ஒப்பித்தேன். கோபப்பட்டது, பொய் சொன்னது, டவர் மனுவில் கையெழுத்துப் போட்டது, மகள் மனதை நோகடித்தது, நீ அனுப்பிய மருந்துச் சீட்டை ஒருதரம் தொலைத்தது. ஒப்பித்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டேன்.

 அவர் மெதுவாகக் கேட்டார்.

“சார், நீங்க செஞ்ச தப்பு எல்லாத்தையும் சொல்லிட்டீங்க. ஒங்களுக்கு என்ன நடந்துச்சுன்னு சொல்லவே இல்லையே?”

அக்கா, அந்தக் கேள்விக்கு நான் தயாராக வரவில்லை. எனக்கு நடந்ததை நான் எங்கே யாரிடம் சொன்னேன்? ஸ்டெல்லாவிடம் கூடச் சொன்னதில்லை. உன்னிடமும் இப்போதுதான் சொல்கிறேன்.

நீ ஆஸ்பத்திரியில் கிடந்த மாதமெல்லாம் எல்லாருக்கும் என் நம்பர்தான். ரத்தம் வேண்டும் என்றாலும், பெரிய டாக்டர் வரச்சொன்னாலும், உன் மூச்சு சரியில்லை என்றாலும் என் போன்தான் அடிக்கும். ஒவ்வொரு முறையும் எடுத்தேன். கடைசியாக அன்றைக்குக் காலை, பிரேயர் மணி அடித்துப் பிள்ளைகள் வரிசையில் நிற்கும்போது போன் வந்தது. திரையில் ‘அக்கா’ என்று இருந்தது. உன் நம்பர். நீயே கூப்பிடுகிற அளவுக்குத் தேறிவிட்டாய் என்று நினைத்தேன். பழையபடி, “பஸ்ஸுல மீன் குடுத்து விட்டிருக்கேன், போயி வாங்கிக்கடா” என்று சொல்லப்போகிறாய் என்றே நினைத்தேன். சிரித்துக்கொண்டே எடுத்து, “சொல்லுக்கா” என்றேன். பேசியது மச்சான். சார்ஜ் தீர்ந்த தன் போனுக்குப் பதில் உன் போனில் இருந்து கூப்பிட்டிருக்கிறார்.

அந்தச் சிரிப்பை நினைத்தால்தான் எனக்குத் தாங்கவில்லை. அதைச் சொல்லும்போது ஐம்பது வயதுக்கு மேல் ஆன நான், ஒரு சின்னப் பெண்ணுக்கு எதிரில், ஏங்கி ஏங்கி அழுதேன். அவர் டிஷ்யூ பெட்டியை என் பக்கம் நகர்த்தி வைத்தார், அழாதீர்கள் என்று சொல்லவில்லை.

“ஒங்க ஒடம்பு ஒங்களக் காப்பாத்தத்தான் பாக்குது சார். மணி அடிச்சா அடி விழும்னு அது கத்துக்கிட்டு இருக்கு. மெதுவா வேற பாடம் சொல்லித் தருவோம்” என்றார். பாடம் என்றதும் வாத்தியாருக்குக் கொஞ்சம் தெம்பு வந்தது.

நேரம் முடிந்தது என்றார். நான் எழுந்திருக்கவில்லை. பாவசங்கீர்த்தனம் முடிந்ததும் சாமியார் சொல்வது போல அபராதம் சொல்வார் என்று காத்திருந்தேன். இத்தனை ஜெபம் சொல், இந்த மாத்திரை போடு, அந்தக் கோவிலுக்குப் போ என்று ஏதாவது ஒன்று இருந்தால்தானே கணக்குத் தீரும்? “அவ்வளவுதான் சார். அடுத்த வாரம் வாங்க” என்றார். ஏமாந்த மாதிரி இருந்தது. கீழே ஸ்டெல்லா கண்ணாடிக் கடையில் ஒவ்வொரு பிரேமாகப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள். என் முகத்தைப் பார்த்துவிட்டுப் பூரி வாங்கிக் கொடுத்தாள்.

ஒரு தடவை போனால் சரியாகிவிடும் என்று நினைத்தது பெரிய தப்பு. அந்த வாரம் தூக்கம் இன்னும் கெட்டது, கனவெல்லாம் நீதான். இதற்குப் போகாமலே இருந்திருக்கலாம் என்று அடுத்த வாரம் நின்றுவிட்டேன். பங்குச்சாமியாரிடம் போய், இது நம் விசுவாசத்துக்கு ஆகுமா என்று கேட்டேன். போகாதே என்று அவர் சொன்னால் போதும் என்றுதான் கேட்டேன். அவரோ, “பல்லு வலிக்கு எங்கிட்டயா வாரீங்க? இங்கிட்டும் வாங்க, அங்கிட்டும் போங்க” என்றுவிட்டார். மறுபடி படியேறினேன். வராத வாரத்துக்கு மேடம் திட்டவில்லை. முதல் வாரம் பலருக்கு அப்படித்தான் இருக்கும், அதை முன்னாடியே சொல்லியிருக்க வேண்டும் என்று தன் மேலேயே போட்டுக்கொண்டார். அன்றுதான் அவர் மேல் எனக்கு நம்பிக்கை வந்தது.

அப்புறம் நடந்ததைப் பார்த்தால் பாலர் வகுப்பு தோற்றுவிடும். முதலில் மணி ஓசையை மாற்றினோம். பிறகு போனைப் பீரோவில் இருந்து மேசைக்குக் கொண்டுவந்தேன். ஸ்டெல்லா அடுப்படியில் இருந்து, “கூப்பிடட்டுமா?” என்பாள். நான் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு, “கூப்பிடு” என்பேன். எடுக்க வேண்டியதில்லை, மூச்சை நிதானமாக விட்டுக்கொண்டு அது அடித்து ஓய்வதைக் கேட்டால் போதும். படபடப்பு ஏறும், ஏறின இடத்திலேயே நிற்காமல் இறங்கவும் செய்யும். இறங்கும் என்பதே எனக்குத் தெரியாமல் இருந்தது, அக்கா. அதற்குள் ஓடிப்போய் பீரோவைப் பூட்டுகிறவன் நான்.

சில வாரம் முன்னேறினேன், சில வாரம் சறுக்கினேன். பிறகு எடுத்துப் பேசினோம். அடுப்படிக்கும் கூடத்துக்கும் நடுவில் புருசனும் பொண்டாட்டியும் போனில் பேசிக்கொண்டதைக் கேட்ட சவரிமுத்து, “டவர் வந்துருச்சு போலயே சார், நம்ம மனு வேலை செஞ்சுருச்சு!” என்று தெருவெல்லாம் இனிப்புக் கொடுத்தான்.

ஒரு சாயங்காலம் திருச்சியில் இருந்து பிரின்சி கூப்பிட்டாள். அம்மாவின் போனுக்கு இல்லை, என் போனுக்கு. மூன்றாவது மணியில் எடுத்தேன். அந்தப் பக்கம் சத்தமே இல்லை. “என்னம்மா, டவர் இல்லையா?” என்றேன். அழுதாளா சிரித்தாளா என்று இன்னும் கேட்கவில்லை. அடுத்த மாதம் அவளுக்குப் பயணம்.

ஆனால் ஒரு நம்பர் பாக்கி இருந்தது. உன் போனை இப்போது மச்சான்தான் வைத்திருக்கிறார். நீ போன புதிதில் ஞாயிற்றுக்கிழமை தோறும் கூப்பிட்டிருக்கிறார். ‘அக்கா’ என்று திரை ஒளிரும், நான் வேறு அறைக்குப் போய்விடுவேன். ஒருதரம் பஸ்ஸில் மீன் அனுப்பிவிட்டுக் கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பார்த்திருக்கிறார். வாங்க ஆளில்லாமல் பெட்டி பஸ் ஸ்டாண்டிலேயே கிடந்து நாறியதாம். அதற்குப் பிறகு அவரும் கூப்பிடுவதை விட்டுவிட்டார். பொண்டாட்டி போன வீட்டில் அந்த மனிதர் ஞாயிற்றுக்கிழமைகளை என்ன செய்தார்?

“போனுல இருக்குற ‘அக்கா’ங்கிற பேர மாத்திரட்டுமா மேடம்?” என்று கேட்டேன்.

“மாத்தணும்னு ஒங்களுக்குத் தோணுதா சார்?”

“இல்ல.”

“அப்ப இருக்கட்டுமே.”

போன ஞாயிறு பூசை முடிந்து வந்ததும் மச்சானுக்கு ஒரே ஒரு வரி அனுப்பினேன்: ‘மச்சான், நேரம் கிடைக்கும்போது கூப்பிடுங்கள், எடுப்பேன்.’ இன்று காலை கூப்பிட்டார். ‘அக்கா’ என்று திரை ஒளிர்ந்தது. நெஞ்சு அடித்துக்கொண்டுதான் இருந்தது, கையும் வேர்த்தது. ஆனாலும் எடுத்தேன்.

 மச்சான் தொண்டையைச் செருமினார்.

“மாப்ள, நல்ல கணவாய் மீனா வந்துச்சு. காலைப் பஸ்ஸுல குடுத்து விட்டிருக்கேன். போயி வாங்கிக்கிறியா?”

இதை பஸ் ஸ்டாண்டு பெஞ்சில் உட்கார்ந்துதான் எழுதுகிறேன். பஸ் அறந்தாங்கி தாண்டிவிட்டதாம், வந்துவிடும். அந்த மாடிக்கு இன்னும் கொஞ்ச காலம் போவேன். இனிமேல் பழைய கண்ணாடிக் கூடு இல்லாமல் போவேன். பிரின்சி எந்த நாட்டில் இருந்து, எந்த நேரத்தில் கூப்பிட்டாலும் எடுப்பேன். மச்சானை இனி ஞாயிறு தோறும் நான்தான் கூப்பிடுவேன். உன் போனில் என் பெயரை அவரும் மாற்றவில்லையாம். நான் கூப்பிட்டால் அங்கே இப்போதும் நீ வைத்த பெயர்தான் வருகிறதாம்.

அந்தப் பெயரிலேயே கையெழுத்துப் போடுகிறேன்.

தம்பி