கண்ணாடியில் தடவிய களிம்பு

அன்புள்ள அப்பாவுக்கு,

வணக்கம். உங்கள் மூட்டுவலி எப்படி இருக்கிறது? நேரத்துக்குச் சாப்பிடுகிறீர்களா, இல்லை அம்மாவைச் சாக்காக வைத்துப் பட்டினி கிடக்கிறீர்களா? நான் நன்றாக இருக்கிறேன்.

நேற்று போனில் அம்மா கையைக் காட்டினீர்களே, டிரிப்ஸ் ஏறிய நரம்பு கயிறு மாதிரி தடித்துச் சிவந்திருந்ததே, அதைப் பார்த்துப் பயப்படாதீர்கள். என் வார்டில் தினமும் பார்ப்பதுதான். அடுத்த ஊசியை மறு கையில் போடச் சொல்லுங்கள். டாக்டர் எழுதிய களிம்பை ஊசி குத்திய துளையில் வைக்காமல், தடித்த நரம்பின் மேல் மெல்லத் தடவுங்கள். சைக்கிள் துடைக்கிற மாதிரி தேய்த்துவிடாதீர்கள்!

நீங்கள் போனை அம்மாவிடம் கொடுத்துவிட்டு நகர்ந்ததும் நடந்த ஒரு கூத்து கேளுங்கள். எவ்வளவு எடுக்க வேண்டும் என்று அவளுக்குக் காட்டத்தான் வார்டு களிம்பை என் விரலில் பிதுக்கினேன். பேச்சுவாக்கில் போன் கண்ணாடியில் தெரிந்த அம்மா கை மேலேயே தடவிவிட்டேன். திரையெல்லாம் பிசுபிசு. பக்கத்திலிருந்த இன்னொரு நர்ஸ் விழுந்து விழுந்து சிரித்தாள். நானும் சிரித்தேன்.

அம்மா மட்டும் சிரிக்கவில்லை. நீட்டிய கையை அசைக்காமல், "இன்னும் கொஞ்சம் மேலே தடவுடி" என்றாள்.

லீவு இந்த முறையும் இல்லை என்றுவிட்டார்கள். அவளிடம் சொல்ல வேண்டாம். சாயங்காலம் பேச ஒன்றும் இல்லாவிட்டாலும், போனை அவள் தலைமாட்டில் வைத்துவிட்டுப் போங்கள்.

டூட்டிக்கு மணி ஆகிவிட்டது. அவள் சொன்ன இடம் முழங்கைக்குச் சற்றுக் கீழே, உள்பக்கம். அங்கே நீங்கள் தடவிவிடுங்கள் அப்பா. எனக்கு எட்டவில்லை.

உங்கள் மகள்