ஞாயிற்றுக்கிழமை பார்த்த சோதனை

செவ்வாய் இரவு, அடையாறு.

எங்கள் பேங்கின் நாற்பது சர்வர்களையும் மெயின்ஃப்ரேம் என்கிற ஒரே ராட்சச கம்ப்யூட்டருக்குள் மெய்நிகர் சர்வர்களாக ஓட்டலாம், செலவு பாதியாகும் என்று மேனேஜரிடம் சொன்னவன் நான்தான். சோதித்தபோது மெஷின் அலட்டிக்கொள்ளாமல் ஓடியது. இன்று சாயங்காலம்தான் உறைத்தது. நான் சோதித்தது ஞாயிற்றுக்கிழமை. பேங்க் லீவு. பாதி சர்வருக்கு மேல் சும்மா கிடந்திருக்கும். ஒன்றாம் தேதி, சம்பளம் ஏறுகிற நேரத்தில் நாற்பதும் ஒன்றாக முழித்துக்கொண்டால் மெஷின் தாங்குமா?

பக்கத்து சீட் முரளியிடம் சொன்னேன். "வாயத் தொறக்காத மச்சி. மேனேஜர் சார் கையெழுத்தே போட்டுட்டாரு" என்றான்.

பழைய சர்வர்களை ஏற்ற நாளைக் காலை காயலான் கடை லாரி வருகிறது. சர்வர் ரூம் சாவி என் சட்டைப் பையில். இன்னும் சட்டையைக் கழற்றவில்லை.