ஏகபோகம் எந்த வயலில்?

சித்தப்பா,

நீங்கள் கேபிள் டிவி கனெக்டர்கள் போட்டு வைத்திருந்த பிஸ்கட் டப்பாவை இப்போதுதான் திறந்தேன். கேபிள் சீவிய வாசனையும் உங்கள் மூக்குப்பொடியும் சேர்ந்து வந்தன. தும்மலை அடக்கப் போர்வையைக் கடித்துக்கொண்டேன். பக்கத்தில் அம்மா தூங்குகிறாள், சுவருக்கு அந்தப் பக்கம் அப்பா. அவர் விழித்துக்கொண்டால் இந்தத் தாளும் போகும், நாளைக்கு என் தைரியமும் போகும்.

டப்பாவின் அடியில் நம் மனுவின் நகல் இருந்தது. என் ஏழாம் வகுப்புக் கையெழுத்து.

அந்த வருடக் கிரிக்கெட் தொடர் ஒரே ஒரு சேனலில்தான் வந்தது. அதை டவுன் கேபிள் கம்பெனிக்கு மட்டும் கொடுத்தார்கள். நீங்கள் பணத்தோடு போய் நின்றும் கிடைக்கவில்லை. எல்லாக் கேபிள்காரருக்கும் ஒரே நிபந்தனையில் கொடுக்க வேண்டும் என்று விதி இருப்பதாக எங்கோ கேட்டுவந்து புலம்பினீர்கள். முதல் மேட்ச் அன்று உங்கள் லைன் போன வீடுகளில் எல்லாம் வெறும் நீலத் திரை. டீக்கடைக்காரர் உங்களிடம் கேட்டார்: "ஏங்க, ரெண்டு டீமும் நீலச் சட்டைங்களா? எங்க வூட்ல பிரிச்சே பாக்க முடியலீங்க."

அன்றைக்குத்தான் கலெக்டர் ஆபீஸில் மனுக் கொடுப்பது என்று முடிவுசெய்தீர்கள். "நல்லா கனமான வார்த்தையா போடு பாப்பா" என்றீர்கள். சமூக அறிவியல் புத்தகத்திலிருந்து 'ஏகபோகம்' என்ற வார்த்தையை எடுத்துப் போட்டேன். 'எங்கள் ஊரில் ஏகபோகம் நிலவுவதால் மக்கள் பெரிதும் பாதிக்கப்பட்டுள்ளனர்.' சத்தமாகப் படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, "கலெக்டரே கண்ணு கலங்கிருவாரு" என்றீர்கள். டிவி, கேபிள் என்ற வார்த்தைகள் மனுவில் எங்குமே இல்லை என்பதை இரண்டு பேரும் கவனிக்கவில்லை.

அடுத்த வாரம் மோட்டார் சைக்கிளில் வேளாண்மை அதிகாரி வந்து இறங்கினார்.

"ஏகபோகம்னு மனு போட்டது நீங்கதானுங்களா? ஒரு போகத்துக்கு மேல வெளையாத அந்த நெலத்தக் காட்டுங்க."

"சார், இது டிவிங்க."

"டிவின்னு எங்கயும் எழுதலையே. வெங்காயமா, பருத்தியா?"

நீங்கள் என்னைத் திரும்பிப் பார்த்தீர்கள். நான் ஏணிக்குப் பின்னால் ஒளிந்தேன். வந்ததற்கு ஏதாவது செய்ய வேண்டுமே என்று, கொல்லையில் மண் மாதிரி எடுத்துப் பையில் கட்டினார் அவர். கிளம்பும்போது, "ஒங்க லைன்ல மேட்ச் வருதுங்களா?" என்று கேட்டார்.

"அதுக்குத்தாங்க சார் மனுவே."

'டிவி' என்று ஐந்து இடத்தில் எழுதி மறுபடி கொடுத்தோம். கோப்பை யாருக்கு என்று ஊருக்கே தெரிந்தபிறகு சேனல் வந்தது.

இன்னொன்றும் ஞாபகம் வருகிறது. அந்த இரண்டாவது மனுவை எழுதும்போது கேட்டேன்: "தண்ணித் தொட்டிக்கு இந்தப் பக்கம் நீங்க, அந்தப் பக்கம் மேலத்தெரு கேபிள்காரர்னு பேசி வச்சிருக்கீங்களே, அதுவும் ஏகபோகந்தானே சித்தப்பா?" நீங்கள் பொடியை உறிஞ்சினீர்கள். "எழுதறத மட்டும் எழுது" என்றீர்கள். ஆனால் இரண்டு நாள் கழித்து நீங்களே போய் அந்த எல்லையை எடுத்துவிட்டீர்கள். அவர் பக்கத்திலிருந்து இருபது வீடு உங்களிடம் வந்தது. நம் சொந்த அத்தை அவரிடம் போய்விட்டார். "ஒன்னாலதான்டி" என்று வீடு முழுக்கச் சொல்லிச் சொல்லிச் சிரித்தீர்கள்.

நீங்கள் போனபிறகு சித்திதான் ஏணி ஏறுகிறார். முதல் மாதம் கீழே நின்று ஏணியைப் பிடித்துக்கொண்டது நான்தான். தொட்டிக்கு அந்தப் பக்கத்து வீடுகளை மட்டும் டவுன் கம்பெனிக்கு விற்றுவிட்டு, இந்தப் பக்கத்தைத் தானே பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்திருக்கிறார். நாளைக் காலை கம்பெனி ஆள் பத்திரத்தோடு வருகிறார். பேசி முடித்தது அப்பா.

பத்திர நகலை அப்பாவின் சட்டைப் பையிலிருந்து எடுத்துப் பார்த்தேன். ஏழாவது வரி: 'இவ்வூர் முழுவதும் இணைப்பு வழங்கும் ஏகபோக உரிமை இனி வாங்குபவருக்கே, விற்பவர் இத்தொழில் செய்யலாகாது.'

சித்திக்குக் கையெழுத்துப் போடத்தான் தெரியும். நாளைக்குப் படித்துக் காட்டப்போவது நான். சாயங்காலம் அப்பா சொன்னார்: "ஏழாவது வரியப் படிக்க வேணாம், அது வக்கீல் வார்த்தை. பொம்பள எத்தன நாளைக்கு ஏணி ஏறும்?" கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. ஆனால் சித்தியை ஒரு வார்த்தை கேட்கவும் இல்லை. நான் தலையாட்டிவிட்டு வந்துவிட்டேன், சித்தப்பா. அவர் குரலுக்கு எனக்குத் தலை தானாக ஆடிவிடுகிறது.

இப்போது போர்வைக்குள் அந்த வரியை நாலு தடவை படித்துப் பார்த்தேன். மூன்று தடவை 'ஏகபோக' என்ற இடத்தில் தடுக்கி நின்றேன். மனு படிக்கும்போது நீங்கள் சொல்வீர்களே, "கடைசில நிக்கறவனுக்கும் கேக்கற மாதிரி படி" என்று. அப்படித்தான் படிக்கப்போகிறேன், ஆறாவது வரிக்கு அப்புறம் ஏழாவது.

ஏகபோகம் என்றால் என்னவென்று சித்தி கேட்பார். வெங்காயமும் இல்லை, பருத்தியும் இல்லை என்பதை முதலில் சொல்லிவிடுவேன்.