ஓடைக்கரைப் பாறை

அன்புள்ள அப்பாவுக்கு,

மூட்டுவலி தேவலையா? மாத்திரையை விடாமல் போடுகிறீர்களா? நான் நலம். பேருந்து நிறுத்தத்தில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன்.

ஞாயிறன்று ஆய்வகத்தில் என்னோடு வேலை பார்க்கும் அக்காவுடன் ஓடைக்கரைப் பாறையில் ஏறப் போனேன். இரண்டு மாடி உயரம்தான். வழவழவென்று சரிந்திருக்கும், கைக்குப் பிடி கிடையாது, பாதத்தை நம்பித்தான் ஏற வேண்டும். இடுப்பில் கயிறு உண்டு, அது உச்சியிலுள்ள வளையம் வழியாகக் கீழே அக்கா கையில் இருக்கும், பயப்படாதீர்கள்.

பாதியில் அடுத்த அடி வைக்காமல் நின்றுவிட்டேன். "காலை நம்பும்மா, நான் பிடிச்சிருக்கேன்ல!" என்று கீழிருந்து அக்கா கத்தினார். அப்படியும் வழுக்கிவிட்டது. கயிறு தாங்கியதால் முழங்கால் சிராய்ப்போடு போயிற்று.

தொங்கும்போது "அப்பா" என்று அலறினேனாம். "அவருக்கு எப்படிம்மா கேக்கும்?" என்று அக்கா சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

இந்த மாதத்தோடு அக்காவும் வேலையை விட்டுப் போகிறார். இனிக் கயிறு பிடிக்க ஆளில்லை.

உங்கள் பழைய சட்டை ஒன்று அனுப்புங்கள், தூங்கும்போது போட்டுக்கொள்ள. துவைக்க வேண்டாம். பேருந்து வந்துவிட்டது.

உங்கள் மகள்